வக்கீல் விற்காத வண்டி

"நானூறு ரூபா தரேன்னேன் சார்! அந்த வக்கீல் கேட்டை என் மூக்குக்கு நேரா சாத்திட்டுப் போயிட்டாரு. அல்லா சத்தியமா சொல்றேன், அந்த வண்டியிலே நானூறு ரூபாய்க்கு ஒண்ணுமே கிடையாது!"

ராயப்பேட்டை மெஹபூப் அலி உடைந்த மோட்டார்களை வாங்கிப் பிரித்து விற்கிறவர். ஐந்து ரூபாய்ச் சரக்கை மூன்று ரூபாய்க்குக் கேட்டு இரண்டேகாலில் முடிக்கிற மனிதர். அவரே விலையை ஏற்றிக் கேட்டார் என்றால் விஷயம் சின்னது இல்லை.

"இருநூத்தி எழுபத்தஞ்சு பெறுமான இரும்புக்கு நீங்க ஏன் நானூறு வரைக்கும் போனீங்க?" என்று கேட்டார் ராஜகோபாலன் சார். துப்பறிகிறவர்கள் சிம்மாசனத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் சார் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அவர் மாட்டேன்னு சொல்லச் சொல்ல எனக்கு வெறி ஏறிடுச்சு சார். அவ்வளவுதான்."

நான் பக்கிரி. சாருக்கு உதவியாள். நான் பேசுகிறபடியே எழுதினால் அச்சுக்கோப்பவர் வேலையை விட்டுப் போய்விடுவார் என்பதால் எழுதும்போது மட்டும் நல்ல பிள்ளையாக எழுதுகிறேன். இந்த வழக்கு எங்களிடம் வந்தது இரண்டு நாள் முன்னால். நொச்சிக்குப்பத்து முத்தம்மா ஒரு வஞ்சிரத்தோடு மாம்பலத்துக்கு வந்து நின்றாள். சார் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டார். மீனை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அவள் புருஷன் அங்கமுத்து, மயிலாப்பூர் வக்கீல் அனந்தராமனுடைய டிரைவர். மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் வக்கீலின் தம்பி வேம்புவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு அடையாறுப் பக்கம் போனான். வண்டி ஒரு மரத்தில் மோதியது. வேம்பு வண்டியிலேயே இறந்துபோனான். "தூங்கிட்டேன், என் தப்புதான்" என்று அங்கமுத்துவே போலீசில் சொல்லிவிட்டான். சைதாப்பேட்டைக் கோர்ட்டில் திங்கட்கிழமை தீர்ப்பு. அங்கே புதிதாக வந்திருக்கும் மாஜிஸ்திரேட் போன வாரம்தான் ஒரு பஸ் டிரைவரை இரண்டு வருஷம் உள்ளே அனுப்பினார்.

"பன்னெண்டு வருசத்துல ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தினதில்ல சாமி," என்றாள் முத்தம்மா. "ஜெயில்ல போய் இன்னா நடந்துச்சுன்னு கேட்டா சுவத்தைப் பாத்துகினு கீறாரு. பொண்டாட்டிகிட்ட சொல்லக்கூடாத விபத்து இன்னா சாமி விபத்து?"

நல்ல கேள்வி. அதனால்தான் இன்று வெள்ளிக்கிழமை வெயிலில் நாங்கள் மெஹபூப் அலியின் கிடங்கில் டயரின் மேல் உட்கார்ந்திருந்தோம்.

"இன்ஷூரன்ஸ் கணக்கை இன்னொரு தரம் சொல்லுங்க," என்றார் சார்.

"ரிப்பேர் செலவு வண்டி விலைக்கு மேலே போச்சுன்னா கம்பெனி ரிப்பேர் பண்ணாது சார். முழு நஷ்டம்னு எழுதிடும். அப்புறம் என்னைக் கூப்பிட்டு உடைஞ்சது என்ன விலை போகும்னு கேட்கும். நான் இருநூத்தி எழுபத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்தேன். வண்டியைக் கம்பெனிகிட்ட விட்டுட்டா வக்கீலுக்கு முழுசா ரெண்டாயிரம். 'வண்டி எனக்கே வேணும்'னா என் இருநூத்தி எழுபத்தஞ்சைக் கழிச்சுட்டு மீதி."

"அவர் வேணும்னுட்டார்."

"ஆமா. அதுகூட சில பேர் பண்றதுதான். கம்பெனி கழிச்ச விலைக்கு மேலே வெளியிலே வித்தா லாபம் ஆச்சே? அதான் நானே தேடிப் போனேன். முந்நூறு சொன்னேன், முந்நூத்தம்பது சொன்னேன். லாபத்தைத் தட்டிலே வெச்சு நீட்டறேன், மனுஷன் கையை எடுக்கலை!"

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "சார், அந்த வக்கீல் கொத்தவரங்காய்ல ஒண்ணு குறைஞ்சா கடைக்காரன் மேல நோட்டீஸ் விடற ஆளு. துட்டை வேணாம்னா அந்த வண்டியில இன்னாவோ கீது."

"இல்லேன்னா, இருக்க வேண்டியது ஏதோ அதுல இல்லை," என்றார் சார். "நாளைக்கு நீ இரும்பு வாங்கப் போ."

* * *

சனிக்கிழமை காலை, ஒரு கூடைப் பேரீச்சம்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழோம்!" என்று கத்திக்கொண்டே சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்தேன். வக்கீல் வீட்டுக் கொல்லைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கோவிந்தம்மா என்ற வேலைக்காரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பழம் கொடுத்ததும் நான் அவளுக்குத் தம்பி ஆகிவிட்டேன்.

வண்டி கிணற்றுக்கு ஐந்தடி தள்ளி நின்றது. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிப் போயிருந்தது. கூரை மட்டும் ஒரு சொட்டை இல்லாமல் நேராக இருந்தது. அந்தக் கூரைமேல் வெள்ளை வேட்டி விரித்து மோர்மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். தயிர் மணக்க மணக்கச் சித்திரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறியதை மறைப்பானேன்?

"வண்டிய விக்கலியா அக்கா?"

"யாரு விக்கறாங்க? காரியமெல்லாம் முடிஞ்சு, ஐயரு வந்து வீட்டை சுத்தம் பண்ணிட்டுப் போனப்பறம்தான் போலீஸ்காரங்க இதைக் கொணாந்து உட்டாங்க. அப்பலேர்ந்து இங்கதான் கீது." குரலைத் தணித்துக்கொண்டாள். "சின்னம்மா பாவம். இது இருக்கற பக்கத்து ஜன்னலை சாத்தியே வெச்சுகினு கீறாங்க. கொல்லைப்பக்கம் வந்தாக்கூட முகத்தை அப்படித் திருப்பிக்குவாங்க."

சின்னம்மா என்றால் வேம்புவின் மனைவி விஜயலக்ஷ்மி. வயது இருபத்திரண்டு.

நான் மெல்ல நகர்ந்து பின் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின் சீட்டில் ஒரு கறை இல்லை, ஒரு கிழிசல் இல்லை. இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று கூரை விளிம்பில் கை வைத்தேன். வேட்டியின் நுனி விரலில் பட்டது.

"ஐயையோ! தொட்டுட்டானே!"

கொல்லை வாசலில் வக்கீல் மாமி. நனைந்த மடிப்புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். "ஆரு அவனை உள்ள விட்டா? அத்தனையும் போச்சு! நாலு நாளா ஊறப் போட்டுக் காயப் போட்டுண்டு வரேன்! கோவிந்தம்மா, அப்படியே வேட்டியோட எடுத்துண்டு போய்க் கொட்டு. எடம் பூரா ஜலம் விடு. ஏண்டா தடியா, கண்ணு தெரியலை நோக்கு?"

இரண்டு படி மிளகாய் என் ஒரு விரலால் குப்பைக்குப் போனது. கோபம் வந்தது, வரத்தான் செய்யும். ஆனாலும் குப்பைக்குப் போகிற வழியில் கோவிந்தம்மாவிடமிருந்து ஒரு கைப்பிடி வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். கோபம் வேறு, மிளகாய் வேறு.

* * *

பனகல் பூங்காவுக்கு எதிரே மாடியில் ஒற்றை அறைதான் எங்கள் ஆபீஸ். சார் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, மடிக்கும் ஆசாரத்துக்கும் பயந்து தியாகராய நகருக்கு ஓடிவந்தவர். நான் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு மடியை அவிழ்த்தேன்.

"பின் சீட்டு புதுசாட்டம் கீது சார். ஒரு ஆளு செத்த சீட்டு மாதிரியே இல்ல."

"அது போதாது. தொடைச்சிருக்கலாம், புது உறை போட்டிருக்கலாம்னு சொல்லுவார். அவர் வக்கீல். வேற என்ன?"

"வேற இன்னா? என் மானம் போச்சு. என் கை பட்டுச்சுன்னு ரெண்டு படி மிளகாயைக் குப்பைல கொட்ட வெச்சுட்டா அந்தம்மா. எனக்கு இன்னா குஷ்டமா? இந்தாங்க, துன்னு பாருங்க. நல்லாத்தான் கீது."

சார் ஒரு மிளகாயை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்கே காய்ஞ்சதுன்னு சொன்னே?"

"வண்டி மேல. கூரையில."

"வேம்பு செத்துப்போன வண்டியிலே."

"ஆமா சார்."

அவர் மிளகாயைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. "பக்கிரி, எங்க பெரியப்பா போனப்போ அவர் படுத்திருந்த தேக்குக் கட்டிலையே தூக்கிக் குடுத்துட்டா. தலையணை, போர்வை, தண்ணி குடிச்ச சொம்பு, எதுவும் ஆத்துல தங்கலை. அந்த மாதிரி ஆத்துக்காராதான் இவாளும். தீட்டுக் கழிச்சு வீட்டைச் சுத்தி பண்ணினப்பறம் அந்த வண்டி உள்ள வந்திருக்கு. கிணத்தடி வரைக்கும் வந்திருக்கு. நீ தொட்டதுக்கு எடம் பூரா ஜலம் விடச் சொன்ன மாமி, ஒரு பொணம் கெடந்த வண்டி மேல சாப்பிடற சாமானைப் பரப்பி வெச்சிருக்கா. உன் விரல் தீட்டு, சாவு தீட்டில்லையா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்படின்னா..."

"அந்த வண்டியிலே யாரும் சாகலை. அது மாமிக்குத் தெரியும். தெரியும்கறதை மறைக்கணும்னுகூட அவளுக்குத் தோணலை. ஆசாரம் யோசிச்சுப் பண்றதில்லையே, கை தானா பண்றது. ஆனா அந்தப் பொண்ணு விஜயலக்ஷ்மி ஜன்னலைச் சாத்திண்டு உட்கார்ந்திருக்கா. அப்போ அவளுக்குத் தெரியாது."

"வீட்டுலயே போட்டுத் தள்ளிட்டு, வண்டி மேல பழியைப் போட்டுட்டான் வக்கீலு! பிரிக்கறவன் சுத்தமான சீட்டைப் பாத்துடுவான்னு வண்டிய யாருக்கும் குடுக்காம வெச்சுகினான். சார், நம்ம கேஸ்லயே இதான் சார் பெரிசு!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிளகாய் போன கோபத்தில் வக்கீலின் கழுத்துக்குக் கயிறுகூட அளவெடுத்துவிட்டேன். சார் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

* * *

சாயங்காலம் ஐந்து மணிக்கு வக்கீலின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தோம். சார் உட்கார்ந்தார், நான் கதவோரம் நின்றேன். இரும்புக்காரனாக வந்த தடியன்தான் நான் என்று வக்கீலுக்குத் தெரியாது. அனந்தராமன் ஒல்லியான மனிதர். தம்பி போனபின் இளைத்திருக்கலாம். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"வண்டியை வெச்சுக்கறதும் விடறதும் பாலிசிப்படி என் இஷ்டம்," என்றார். "கழிக்க வேண்டியதைக் கழிச்சுண்டுதான் குடுத்தா. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு ஓய்?"

"நானூறு ரூபாய்க்குக்கூடக் குடுக்கலையே, அதான் கேக்கறேன்."

வக்கீலின் கண் கலங்கியது. "என் தம்பி கடைசியா உட்கார்ந்த வண்டி ஓய் அது. அதை இரும்புக் கடையிலே போட்டு வெட்டச் சொல்றீரா? உமக்குக் கூடப்பிறந்தவா யாரும் இல்லையா?"

கதவோரம் நின்ற எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. சார் அசையவில்லை.

"இருக்கான். அவன் போன வண்டியா இருந்தா, அது மேல எங்காத்துல மோர்மிளகாய் காயப் போடமாட்டா."

வக்கீல் கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகளை மடக்கியிருப்பார். தன் சமையலறையிலிருந்து ஒரு சாட்சி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

"போலீசைக் கூப்புடட்டுமா சார்?" என்றேன் நான்.

"எதுக்கு? கொலைக்கா?" வக்கீல் சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. "நான் அவனைத் தூக்கி வளர்த்தேண்டா. அவனை நான் கொல்லுவேனா?" மேசையைப் பிடித்துக்கொண்டார். "மாடியிலேர்ந்து... அவனேதான். நாலு மணிக்கு. விஜி அப்போ கும்பகோணத்துல பொறந்தாத்துல இருந்தா. ஆத்துல நானும் என் ஆம்படையாளும் அங்கமுத்துவும்தான். ஓடி வந்து தூக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

சார் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். நான் அளவெடுத்து வைத்திருந்த கயிறு எங்கே போனதென்று தெரியவில்லை.

"தானா உயிரை விட்டவனுக்கு எந்த வாத்தியார் ஓய் காரியம் பண்ண வருவார்? என் தம்பிக்கு ஒரு பிண்டம் இல்லாம போகணுமா? போலீஸ் வரும், அறுத்துப் பார்க்கணும்பா. ஊர் பேசும். நான் தலையில கையை வெச்சுண்டு உட்கார்ந்துட்டேன். அங்கமுத்துதான் சொன்னான், 'எசமான், வண்டி மோதி செத்துட்டாருன்னு சொல்லிடலாம், நான் பாத்துக்கறேன்'னு. காலி வண்டியை எடுத்துண்டு போய் மரத்துல மோதினான். போலீஸ் வரதுக்குள்ள உடம்பை ஆத்துக்குக் கொண்டுவந்துட்டோம்னு சொன்னோம். வேம்புன்னா அவனுக்கு உசிரு. டாக்டர் என் சிநேகிதர், அறுத்துப் பார்க்காமலே விபத்துன்னு எழுதிக் குடுத்துட்டார். எல்லாரும் நம்பினா."

"அங்கமுத்துவுக்கு என்ன ஆகும்னு யோசிச்சேளா?"

"ஐம்பது ரூபா அபராதம் போடுவா, கட்டிடலாம்னு நெனச்சேன். மாஜிஸ்திரேட் மாறுவார்னு யாருக்குத் தெரியும்? அவன் குடும்பத்தை நான் பார்த்துக்கறேன். ரெண்டு வருஷத்துக்கும்..."

"ரெண்டு வருஷத்தை நீர் போய் இருந்துட்டு வாரும்! அவன் குடும்பத்தை நான் பார்த்துக்கறேன்!" சார் கத்தி நான் கேட்டதே இல்லை. நாற்காலி பின்னால் விழுந்தது. "காலி வண்டியை மோத விட்டுட்டுக் கம்பெனிகிட்ட ஆயிரத்து எழுநூத்தி இருபத்தஞ்சு வாங்கிண்டிருக்கீர். ஏன் கேட்டீர்?"

"கேக்காம இருந்தா சந்தேகப்படுவான்னு பயந்துதான் கேட்டேன். பணம் அப்படியே இருக்கு, ஒரு காசு தொடலை. நான் திருப்பிக் கட்டிடறேன். என் வக்கீல் சன்னது போகட்டும் ஓய், ஜெயிலுக்குக்கூடப் போறேன். விஜிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவன் விபத்துல போனான்னு நெனச்சுண்டாவது அவ இருக்கட்டும்."

உள்கதவுத் திரை ஆடியது. அங்கே அவள் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியாது. கையில் எங்களுக்குக் கொண்டுவந்த காப்பி, ஏடு படிந்து ஆறிப்போயிருந்தது.

"மன்னி அந்த வண்டி மேல மிளகாய் பரப்பறான்னு கேட்டப்போ, கல்நெஞ்சுன்னு நெனச்சேன்," என்றாள் விஜயலக்ஷ்மி. டம்ளர்களை மேசையில் வைத்தாள். "அவர் ஏதாவது எழுதி வெச்சிருந்தாரா அண்ணா?"

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். "நாலு வரி. உன் பேர் ரெண்டு தடவை இருந்தது. உன் மேல ஒரு தப்பும் இல்லேன்னு... எரிச்சுட்டேம்மா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம், "அது எனக்கு வந்த கடுதாசு," என்றாள். "அதை நீங்க எரிச்சிருக்கப்படாது."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த டிரைவர் பெண்டாட்டி எங்கே இருக்கா, தெரியுமா?"

"நொச்சிக்குப்பம்மா."

"பதினஞ்சு நாளைக்கு முன்னால வாசல்ல வந்து நின்னா. நான் ஒரு வார்த்தை சொன்னா கோர்ட்டுல தண்டனையைக் குறைப்பான்னு கெஞ்சினா. 'நீயும் என்னை மாதிரி தாலி அறுக்கணும்'னு சொல்லிக் கதவைச் சாத்தினேன். என்னை அங்கே அழைச்சுண்டு போங்கோ."

"விஜி, வருஷம் திரும்பலை. நீ வாசப்படி தாண்டப்படாது," என்றார் வக்கீல்.

"திங்கக்கிழமை கோர்ட்டுக்கும் வரப்போறேன் அண்ணா. நீங்களே உண்மையைச் சொல்லிட்டா, நான் பின்னால நிக்கறேன். இல்லேன்னா நான் சொல்றேன்."

வக்கீல் அவளைத் தடுக்க எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மேசை இழுப்பறையைத் திறந்து கம்பெனிக் கடிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சார் அவருக்குத் துணையாக அங்கேயே இருந்துகொண்டு என்னை மட்டும் அனுப்பினார்.

ரிக்‌ஷாவில் அவள் போக, நான் பக்கத்திலேயே ஓடினேன். தெருவில் இரண்டு மாமிகள் நின்று பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை. குப்பத்தில் முத்தம்மா குடிசை வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வந்தவளைப் பார்த்ததும் பயந்து எழுந்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னேனே," என்றாள் விஜயலக்ஷ்மி. "அதைத் திரும்ப எடுத்துக்க வந்திருக்கேன்."

முத்தம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கழுத்திலிருந்ததை வெளியே எடுத்துக் காட்டினாள். வெறும் மஞ்சள் கயிறு. அதன் நுனியில் ஒரு துண்டு மஞ்சள்.

"நீ சொன்ன அன்னிக்கே பொன்னை அவுத்து முண்டகக்கண்ணியம்மா உண்டியல்ல போட்டுட்டேம்மா. பத்தினி வாக்கு பலிச்சிடும்னு பயந்துட்டேன். எனக்குத் தாலி வாணாம், அவரை மட்டும் அனுப்பிடு தாயேன்னு வேண்டிகினு வந்தேன். அவரு வருவாராம்மா?"

விஜயலக்ஷ்மி அந்தக் கயிற்றைப் பார்த்தாள். வேம்புவின் காரியம் முடிந்த பிறகு அவள் அழுது பார்த்ததே இல்லை என்று அப்புறம் கோவிந்தம்மா சொன்னாள். அழுதுகொண்டே முத்தம்மாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வருவார்," என்றாள். "நான் போய்க் கூட்டிண்டு வரேன்."